ஆறாம் ஆழத்துத் திருக்கை

தாமிரா தூங்கிவிட்டாளா என்று கோமதி மூன்று தரம் பார்த்தாள். முதல் தரம் இமையை, இரண்டாம் தரம் சுருட்டி வைத்திருந்த விரலை, மூன்றாம் தரம் மூக்குக்கடியில் தன் புறங்கையை வைத்து மூச்சை. வந்தது. சோற்றுப் பானை மூடியைக் கொஞ்சம் நகர்த்தினால் வருமே, அந்த மாதிரி இளஞ்சூடு. வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் கையை எடுக்க மனசு வரவில்லை, அடுத்த மூச்சும் வரட்டும் என்று காத்திருந்தாள், அதுவும் வந்தது, பிறகு அதற்கடுத்தது. இப்படியே இருந்தால் சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம், ஆனால் மணி இரண்டே முக்கால், நாலு மணிக்குள் அவள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இடது கை குழந்தையின் கழுத்துக்கடியில் மாட்டிக்கொண்டு மரத்துப்போயிருந்தது, வலது கையில் போன் இருந்தது, லேப்டாப் மூன்றடி தள்ளி மேஜை மேல் இருந்தது, ராமேஸ்வரத்தில் இருந்தாலும் ஒன்றுதான். நீலத் திரைச்சீலை வழியாக வந்த வெயில் அறை முழுக்கத் தண்ணீர் மாதிரி நின்றது. மின்விசிறியின் நிழல் சுவரில் சுற்றிச் சுற்றிப் போனது, பெரிய மீன் ஒன்று அவசரமே இல்லாமல் வட்டம் போடுவது போல. போனில் அலுவலகத்துத் தீபன் அனுப்பியது இன்னும் திறந்தபடியே கிடந்தது. "அக்கா, நாலு மணிக்குப் பூட்டிருவோமுங்க. அப்பறம் யாரும் கை வெக்க முடியாது. பட்டறை இருக்கட்டுமா, தூக்கிரலாமா? ஒரே வார்த்தை போதும்." ஒரே வார்த்தை. இரண்டு வருஷம் அவள் உட்கார்ந்து கட்டிய பட்டறை அது. திங்கட்கிழமை விடுப்பு முடிந்து அலுவலகத்துக்குப் போகும்போது, பட்டறை இல்லையென்றால், அவள் எந்த நாற்காலியில் போய் எதற்காக உட்காருவாள்?

கோயமுத்தூரில் ஒரு பல்பொருள் கடைக்கு மேல் மாடியில் பதினான்கு பேர் சேர்ந்து செய்யும் விளையாட்டு. கடலுக்குள் இறங்கும் பெண்ணின் விளையாட்டு. அவள் பெயர் பவளி, கையில் ஒரு கத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவாள், ஏழு ஆழங்கள், ஒவ்வொரு ஆழத்துக்கும் வழிமறிக்கும் ஒரு பிராணி. கரையில் ஒரு ஓலைக் கொட்டகை, அதுதான் பட்டறை. சிப்பி, கயிறு, மெழுகு, செம்புத் துண்டு என்று வழியில் பொறுக்கியதைக் கொண்டு வந்து சேர்த்தால் ஈட்டியாகும், கவசமாகும், விளக்காகும், மூச்சுப்பையாகும். விளையாட்டுக்காரர்கள் இதைக் கிராஃப்டிங் என்பார்கள். பொறுக்கப் பிடிக்காதவன் கொட்டகைப் பக்கமே போகாமல் நேராகக் குதிக்கலாம், அது அவன் இஷ்டம். கொட்டகை வாசலில் பலகை மாதிரி அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தாள் கோமதி: விருப்பமிருந்தால் உள்ளே வரவும். அந்தப் பலகையை எழுதிய அன்றைக்கு அவளுக்குத் தன்மேலேயே ஒரு பிரியம் வந்தது. கை வேகமில்லாதவர்கள் இருக்கிறார்களே உலகத்தில், பொத்தானை அழுத்த வேண்டிய நேரத்துக்கு அரை நொடி பிந்தி அழுத்துகிறவர்கள், அவளைப் போல, அவர்களுக்கு முன்யோசனைதான் கை. அவர்கள் பொறுக்கட்டும், சேர்க்கட்டும், தயாராகட்டும், தயாராகி இறங்கட்டும். சமநிலை பார்ப்பதுதான் அவள் வேலை. யார் எவ்வளவு அடித்தால் எது எவ்வளவு நேரத்தில் சாகும் என்று. அந்தச் சமநிலைதான் இப்போது நாறிக்கிடக்கிறது. வெளியாட்கள் பத்தொன்பது பேரைக் கூப்பிட்டு இரண்டு வாரம் ஆடவிட்டார்கள். பட்டறையைத் தொடாத ஏழு பேரில் ஒருத்தன்கூட ஆறாம் ஆழத்துத் திருக்கை மீனைத் தாண்டவில்லை. "விருப்பம்னு எழுதிட்டுக் கழுத்தப் பிடிச்சு உள்ள தள்றீங்க" என்று ஒருவன் எழுதியிருந்தான். "நான் மீன் பாக்க வந்தேன், சிப்பி பொறுக்க வரல" என்று ஒருத்தி.

அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை என்பதுதான் வேதனை. நேற்றுப் போனில் தீபன் சொன்னான், பையனுக்கு இருபத்து நாலு வயது, கொங்குப் பேச்சு, எதையும் சாப்பாட்டில் கொண்டுபோய்த்தான் முடிப்பான். "அக்கா, கல்யாணப் பந்தியில ஊறுகா வெக்கறோமுங்க. வேணும்னா தொட்டுக்கலாம். ஆனா ஊறுகா தொட்டாத்தான் சோறு எறங்கும்ங்கற மாதிரி சமைச்சா, அது ஊறுகா தப்பா, சமையல் தப்பா?" "நீயே சொல்லு." "எனக்குத் தெரியலீங்க. ஊறுகாயத் தூக்கறது சுலபம். சமையல மாத்தறதுக்கு நேரமில்ல." சிரித்துவிட்டுத்தான் வைத்தாள், வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அழுகை வந்தது, பிள்ளை பெற்றதிலிருந்து இரண்டும் ஒரே குழாயில் வருகிறது. பட்டறைப் பொருளுக்குப் பலம் கொடுத்தால் அது கட்டாயமாகிவிடுகிறது, பலம் கொடுக்காவிட்டால் எவன் மெனக்கெட்டுப் பொறுக்குவான்? பொறுக்கினவனுக்கும் பொறுக்காதவனுக்கும் நடுவில் ஒரு இடம் பார்த்துத் திருக்கையை நிறுத்தினால் அந்த நடுவில் ஒருத்தரும் நிற்பதில்லை, ஒருத்தனுக்கு அது பூனைக்குட்டி, இன்னொருத்தனுக்கு எமன். நடு என்று ஒன்று இருக்கிறதா எதிலாவது. தராசில் இருக்கிறது. ஜன்னலோரம் நின்ற தராசைப் பார்த்தாள். குழந்தையைப் படுக்க வைக்கிற வெள்ளைத் தட்டு, அதன்மேல் மடித்துப் போட்ட துண்டு. பால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தரம் நிறுப்பாள், கொடுத்த பின்னால் ஒரு தரம். வித்தியாசம்தான் பிள்ளை குடித்தது. நாற்பது கிராம், எழுபது, ஒருநாள் ஐந்தே ஐந்து, அன்றைக்கு அவள் உடம்பெல்லாம் விறைத்துப்போயிற்று. டாக்டரம்மா போன மாசமே சொல்லிவிட்டாள், "பிள்ளை ஜம்முனு இருக்கா. இந்தத் தராசத் தூக்கிப் பரண்ல போடும்மா, மாசம் ஒருக்கா இங்க வந்து பாத்தாப் போதும். வேணும்னா வெச்சுக்கோ, ஆனா வேணாம்." வேணும்னா. அந்த ஒரு சொல்லைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தாள் கோமதி. வேணும் என்றால் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொண்டால் நிறுக்கலாம், நிறுத்தால் தெரியும், தெரிந்தால் ஒன்றும் ஆகாது.

தெரிந்தால் ஒன்றும் ஆகாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு? மின்விசிறி மீன் சுவரைச் சுற்றிவந்தது. பாளையங்கோட்டையில் கான்வென்ட், அக்டோபர் மாசம், மத்தியானம் சாப்பாட்டு மணி. சிஸ்டர் பெர்னதெத் வகுப்பு வாசலில் நின்று, "செபமாலைக்கு விருப்பம் உள்ள பிள்ளைங்க மட்டும் வாங்க, கட்டாயமில்லை" என்பாள், சொல்லிவிட்டு நகரமாட்டாள், டிபன் பாக்ஸைத் திறக்கிற பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்ப்பாள், கோபமாக அல்ல, அன்பாக, அதுதான் தாங்காது. நெற்றியில் விபூதியோடு கோமதி முதல் ஆளாக எழுந்து போவாள். முட்டி போட்டுப் போட்டு முட்டி கறுத்தது. வந்தவர்களுக்கு வாரக் கடைசியில் மாதா படம் ஒன்று, ஓரம் பொன்னிறத்தில், தீப்பெட்டி அளவுக்கு. பத்தாம் வகுப்புக்குள் பன்னிரண்டு படம் சேர்ந்துவிட்டது, ஜியாமெட்ரி டப்பாவுக்குள் காம்பஸுக்கு அடியில் வைத்திருந்தாள், டப்பா மூடவே மூடாது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாள். பன்னிரண்டும் இருந்தால் கணக்கில் பாஸ். ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் துணிந்ததில்லை. ஷாஹிதா என்று ஒருத்தி, ஒருநாள்கூட வந்ததில்லை, வேப்பமரத்தடியில் சாப்பிட்டுவிட்டு மீதி நேரமெல்லாம் கயிறு தாண்டிக்கொண்டிருப்பாள், "ஏட்டி கோமு, உனக்கும் எனக்கும் ஒரே கேள்வித்தாளுதான் வரும், தெரியுமில்ல?" என்பாள் மூச்சு வாங்க. கணக்கில் எழுபத்தெட்டு அவளுக்கு. கோமதிக்கும் எழுபத்தெட்டு. அன்றைக்கு அவளுக்கு வந்தது வெட்கமல்ல, பயம். பன்னிரண்டும் இல்லாமல் இருந்திருந்தால் தனக்கு எவ்வளவு வந்திருக்கும்? பூஜ்யமா? படமில்லாமல் ஒரே ஒரு பரீட்சை எழுதிப் பார்த்திருக்கலாம், மாதாந்திரத் தேர்வாவது. எழுதியிருந்தால், கோமதி வெறுங்கையோடு எவ்வளவு என்று ஒரு கணக்கு கிடைத்திருக்கும். அந்தக் கணக்கு இன்று வரைக்கும் அவளிடம் கிடையாது.

தாமிரா உதட்டைக் குவித்து எதையோ உறிஞ்சினாள், கனவிலும் பால்தான் போலிருக்கிறது. நாலு மாசம் முடியப்போகிறது, கழுத்து நின்றுவிட்டது, ஊரிலிருந்து அத்தை போன் பண்ணும்போதெல்லாம், "பிள்ளைய வெளிய தெருவ காட்டுனியாம்மா? காத்து பட்டாத்தானே நெறம் எடுக்கும்" என்கிறாள். ஊசி போடுவதற்கு மூன்று தரம் காரில் போனதோடு சரி. ஒரு தரம் கீழே இறங்கலாம் என்றுதான் பை தயார் பண்ணினாள், மாற்றுத் துணி, துடைக்கிற துணி, தொப்பி, காய்ச்சல் மானி, வெந்நீர் பிளாஸ்க், கொசுவலை, இன்னொரு மாற்றுத் துணி, இன்னொரு காய்ச்சல் மானி. முதலாவது பொய் சொன்னால் என்ன செய்வது? புருஷன் ஆவுடையப்பன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றான், பம்பு கம்பெனியில் பொறுமையான மனுஷன் என்று பெயரெடுத்தவன், "கோமு, நாம கேட்டு வரைக்கும்தான போறோம்? காசிக்கா?" என்றான். அவள் பையைத் திரும்பத் திறந்து பார்த்தாள், அதற்குள் வெயில் போய்விட்டது, பனி இறங்கிவிடும் என்று செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டாள். பை இன்னும் கதவுக்குப் பின்னால் வயிறு பெருத்துத் தொங்குகிறது. விளையாட்டை ஆடிப்பார்த்த பத்தொன்பது பேரில் ஒருவன் இருந்தான், பெயர் தெரியாது, பதிமூன்றாம் ஆள் என்று மட்டும் போட்டிருந்தது. ஒன்பது மணி நேரம் ஆடியிருக்கிறான். ஒன்பது மணி நேரமும் கரையிலேயே. சிப்பி பொறுக்கி, மெழுகு உருக்கி, நாற்பத்தொரு மூச்சுப்பை செய்து அடுக்கியிருக்கிறான். இரண்டாம் ஆழத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. தீபன் விழுந்து விழுந்து சிரித்தான், "நாப்பத்தொண்ணுங்க்கா! மாமனார் ஊட்டுக்குச் சீர் கொண்டு போறானோ என்னமோ!" கோமதிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதிமூன்றாம் ஆள் பவளியைக் கரையிலேயே நிறுத்திக்கொண்டு அவள் தலையைத் தடவிக்கொண்டிருப்பது போல் தோன்றியது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று செய்துவிட்டு இறங்கலாம் கண்ணு. அவனையும் சேர்த்துத்தான் தூக்கப்போகிறார்கள் நாலு மணிக்கு. பட்டறையைத் தூக்கினால் அவன் என்ன செய்வான், குதிப்பானா, அல்லது விளையாட்டையே மூடி வைத்துவிட்டுப் போய்விடுவானா?

மூன்றே கால். திரைச்சீலை ஒரு தரம் உப்பி அடங்கியது. திருக்கைக்கு நாலாயிரத்து இருநூறு உயிர். அந்த எண்ணை நினைத்தபோது ஏதோ ஒன்று காலில் பாசி மாதிரி சுற்றியது, உதறிவிட்டுப் போகப் பார்த்தாள், போகமுடியவில்லை. வெறுங்கத்தி ஒரு குத்துக்கு அதில் இருபதைக் குறைக்கும். ஒரு மூச்சில் அறுபது குத்து குத்தலாம், ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து இருநூறு மட்டுமே குறைக்க முடிகிறவளுக்கு எதிரில் நாலாயிரத்து இருநூறை நிறுத்தினது யார்? அவள்தான், வேறு யார். எப்போது? ஏழாம் மாசம். கால் வீங்கி, செருப்புக்குள் போகாமல், அலுவலகத்தில் முக்காலி மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, விளையாட்டை ஆட்டுகிற பொத்தான் பெட்டியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு. வயிற்றுக்குள்ளிருந்து இவள் உதைத்தால் பொத்தான் பெட்டி எழும்பும். எல்லாப் பிராணிகளுக்கும் உயிரளவு வைக்கும் முறை ஒன்று இருந்தது. முதலில் வெறுங்கத்தியோடு புது ஆட்டம் ஆரம்பித்து இறங்கி ஆடவேண்டும், அந்த அளவை வைத்துக்கொண்டு அப்புறம்தான் மற்றதெல்லாம். மற்ற ஆறு ஆழத்துக்கும் அப்படித்தான் செய்தாள். ஆறாவதற்கு மட்டும்? ஆறாவதில் முதல் தரம் இறங்கியபோது மூச்சு தீர்ந்து பவளி வாயைத் திறந்தாள், குமிழ் குமிழாக மேலே போயிற்று, கண் திறந்தபடி கீழே போனாள். அந்தப் படத்தை வரைந்த பையன் நன்றாகவே வரைந்திருந்தான். அன்றைக்குக் காலையில் ஸ்கேனில் குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் தெரிந்த கறுப்பு நீர் ஞாபகத்துக்கு வந்து, கோமதி பொத்தான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாள் புது ஆட்டத்தை எடுக்கவில்லை. தன் சொந்த ஆட்டத்தை எடுத்தாள், பட்டறையில் செய்யமுடிகிற அத்தனையும் செய்து முடித்து வைத்திருந்த ஆட்டம், ஈட்டி, கவசம், பதினெட்டு மூச்சுப்பை. அதைக்கொண்டு திருக்கையை அடித்தாள், உடனே செத்தது, உயிரைக் கூட்டினாள், அடித்தாள், கூட்டினாள். கொஞ்சம் பயமாயிருக்க வேண்டும், ஆனால் பவளி சாகக்கூடாது, அந்த இடம் வரும்வரைக்கும் கூட்டினாள். நாலாயிரத்து இருநூறில் வந்தது அந்த இடம். அட்டவணையில் எழுதிவிட்டு விடுப்பில் போய்விட்டாள்.

ஆக, திருக்கை பத்தொன்பது பேருக்காகச் செய்த திருக்கை இல்லை. அது கோமதியின் பயத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, அதைத்தான் ஊர் முழுக்கப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். பட்டறை தப்பு செய்யவில்லை. ஊறுகாய் தப்பு செய்யவில்லை. மரத்துப்போன கைக்குள் எறும்பு ஊர ஆரம்பித்தது. இது ஒருத்தருக்கும் தெரியாது. அட்டவணையில் எண் மட்டும்தான் இருக்கிறது, எந்த ஆட்டத்தை வைத்து அளந்தது என்று இல்லை. தூக்கிரு என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், எல்லாப் பழியும் கொட்டகையோடு எரிந்துவிடும், திங்கட்கிழமை கௌரவமாகப் போய் உட்காரலாம், எதற்கு என்று தெரியாத நாற்காலியில். இருக்கட்டும் என்று அனுப்பினால் ஏழு பேரும் திருக்கையிடம் செத்துக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் சமநிலை பார்க்கிறவளுக்குச் சமநிலை இல்லாமல் போன கதையைச் சொல்லவேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு மூளை மழுங்கிவிட்டது என்பார்களோ? சொல்வார்கள், சொல்லட்டுமே, ஐயோ, சொல்லிவிட்டால்? உதடு தன்னாலே பழைய செபத்தை முணுமுணுத்தது, பாதியில் நிறுத்தினாள். ஒரே கேள்வித்தாள்தான் வரும், தெரியுமில்ல? என்றாள் ஷாஹிதா, கயிறு தரையில் சொத்துச் சொத்தென்று விழ.

போனை வாயருகே கொண்டுவந்து, குழந்தை விழிக்காதபடி, காற்றாகப் பேசினாள். "தீபா, பட்டறையத் தூக்காத. தப்பு அதுல இல்ல, எங்கிட்ட. திருக்கைய நான் வெறுங்கத்தியோட அளக்கல. என்னோட ஆட்டத்த வச்சு அளந்துட்டேன், எல்லாம் செஞ்சு முடிச்ச ஆட்டம். எனக்கு அப்ப... பவளி மூழ்குறதப் பாக்க முடியல. அதனால. எல்லார்ட்டயும் இதச் சொல்லிரு, நானும் திங்கக்கிழமை சொல்றேன்." அனுப்பிவிட்டாள். கிணற்றில் போட்ட கல் தரை தொடுவதற்குள் இருக்கும் நேரம். இரண்டு நிமிஷம் கழித்து அவன் குரல் வந்தது, காதோடு வைத்துக் கேட்டாள். "அட, பாவமுங்க்கா அந்தத் திருக்கை. அதும்மேல என்னத்துக்கு நாம இத்தன நாளு கோவப்பட்டோம்? செரி, உயிர எவ்ளோவுக்குக் கொறைக்கட்டும்? ஆனா கொறச்சா ஈட்டி வெச்சிருக்கறவன் பத்தே குத்துல முடிச்சிருவானுங்க. சப்புனு போயிருமே." அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, நாலு மாசமாக உள்ளே எங்கேயோ யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறாள் போல. "ஆயிரத்து நூறு வை. வெறுங்கையோட போறவ பயந்துக்கிட்டே ஜெயிக்கணும், அவ்ளோதான். பட்டறையில ஈட்டிய எடுத்துரு, கவசத்த எடுத்துரு. பலம் வேண்டாம். மூச்சுப்பை இருக்கட்டும், விளக்கு இருக்கட்டும். கை மெதுவா இருக்கிறவங்களுக்கு நேரம் குடு, போதும்." "அந்த நாப்பத்தொண்ணு?" "மூணுக்கு மேல செய்ய முடியாதபடி பண்ணிரு," என்றாள். "மூணு செஞ்சதும், எறங்கிப் பாருன்னு பவளி சொல்லட்டும். நல்லவிதமா சொல்லணும்." "பண்ணீரலாமுங்க. ஊறுகா பொழச்சுது போங்க."

மூன்று ஐம்பத்திரண்டுக்குத் தாமிரா கண்ணைத் திறந்தாள். அழவில்லை. எங்கே இருக்கிறோம் என்று கூரையைப் பார்த்தாள், சுற்றுகிற மீனைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்து, ஆமாம், இந்த ஆள்தான், என்பது போல வாயைக் கோணிச் சிரித்தாள். கோமதி கையை உருவிக்கொண்டு எழுந்தாள், கை தன்னுடையது போலவே இல்லை. பழக்கத்தில் கால் தராசுக்கு எதிரில் போய் நின்றது. துண்டு விரித்தபடி காத்திருந்தது. அந்தத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நிறுக்காமல், அங்கேயே தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். எவ்வளவு என்று தெரியாமல் குடித்தது பிள்ளை, எவ்வளவு என்று தெரியாமலே நிறுத்தியது, ஏப்பம் விட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது கோமதிக்கு. அடித்துக்கொண்டே எழுந்தாள், கதவைத் திறந்தாள், கதவுக்குப் பின்னால் தொங்கிய பை முழங்கையில் இடித்து ஒரு ஆட்டம் ஆடி நின்றது. அதை எடுக்கவில்லை. இரண்டு மாடி. படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் பிள்ளை, தோளில் ஒரு துண்டு, வேறொன்றுமில்லை. முதல் திருப்பத்தில் கொசுவலை நினைவுக்கு வந்தது, நின்றாள், இறங்கினாள். இரண்டாம் திருப்பத்தில் தொப்பி. கீழே கேட்டருகில் வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "அட, இதா பாப்பா? அழுகைச் சத்தம் மட்டுந்தான் கேட்டிருக்கேன், இன்னிக்குத்தான் மொகத்தப் பாக்கறேன்" என்றார். கொன்றை மர நிழலுக்கு வெளியே நாலு மணி வெயில் மஞ்சளாகக் கிடந்தது. அதன் ஓரம் வரைக்கும் போய்க் கோமதி நின்றாள். கை தன்னையறியாமல் தோளில் பையின் வாரைத் தேடியது, துண்டுதான் தட்டுப்பட்டது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு வெயிலுக்குள் காலை வைத்தாள். தாமிரா கண்ணைச் சுருக்கினாள், மூக்கைச் சுருக்கினாள், உடம்பே குலுங்க ஒரு தும்மல் போட்டாள். "நூறு," என்று வாழ்த்தினார் வாட்ச்மேன். கோமதி திரும்பி ஓடவில்லை. அடுத்த தும்மலுக்காக அங்கேயே, வெயிலில், நின்றாள்.